கண்ணுக்குள் ஒதுங்கிய காண்டாக்ட் லென்ஸைப் பத்திரமாக எடுப்பது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன், உறைபனி விழுந்த ஒரு ஜனவரி காலையில், கோத்தகிரியில் நான் கண் பரிசோதனை செய்யும் கண்ணாடிக் கடையின் ஷட்டரைப் பாதி தூக்கியிருக்கும்போதே, கல்லூரி மாணவி ஒருத்தியும் அவளுடைய அம்மாவும் வாசலில் வந்து நின்றார்கள். பெண்ணின் வலது கண் குங்குமத்தைக் கரைத்து ஊற்றியதுபோல் சிவந்திருந்தது. “ராத்திரி லென்ஸைக் கழட்டும்போது உள்ளே போயிடுச்சுங்க மேடம். மூணு மணி நேரமா எடுத்துப் பார்க்கிறோம், வரவே இல்லைங்க. பின்னாடி மூளைப் பக்கம் போயிடுமுங்களா?” என்று அம்மா கேட்டார். அவர் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்து ஊதிக் கண்ணில் ஒற்றியிருக்கிறார். அது போதாமல் விரலாலும் துழாவியிருக்கிறார். நான் பெண்ணை உட்காரவைத்து, “கீழே பாரு கண்ணு” என்று சொல்லி மேல் இமையைத் திருப்பி, மூலை மூலையாக வெளிச்சம் காட்டிப் பார்த்தேன். லென்ஸ் எங்கும் இல்லை. கடைசியில் அவள் இரவு போட்டுக்கொண்டு படுத்த அதே கம்பளி ஸ்வெட்டரின் தோளில், மைக்காத் துணுக்கு மாதிரி காய்ந்து சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணில் இருந்ததெல்லாம் நகம் கீறிய ஒரு கோடுதான். அந்தக் கீறலுக்காக அவர்களை அன்றே ஊட்டிக்குக் கண் மருத்துவரிடம் அனுப்பவேண்டியதாயிற்று.

லென்ஸ் நகர்ந்துவிட்டது என்று வருகிறவர்களில் பலருடைய கண்ணைப் புண்ணாக்கியிருப்பது லென்ஸைவிட விரல்தான் என்பதை இத்தனை ஆண்டுகளில் பார்த்துவிட்டேன். ஆகவே இங்கே சொல்லப்போகும் முறையில் விரலுக்கு வேலை கடைசியில்தான் வரும். அதற்கு முன் பார்ப்பதும், நனைப்பதும், பொறுத்திருப்பதும்தான் முக்கால்வாசி வேலை.

லென்ஸ் கண்ணுக்குப் பின்னால் போய்விடும் என்ற பயத்தை முதலில் விட்டுவிடலாம், ஏனெனில் அவசரத்துக்குக் காரணமே அந்தப் பயம்தான். வெண்விழியை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு மேலேயும் கீழேயும் சற்று தூரம் போய், மடிந்து திரும்பி, இமைகளின் உட்புறத்தை மூடுகிறது. சட்டைப் பையின் அடித் தையல் மாதிரி அந்த மடிப்பு அடைபட்டது. அதைத் தாண்டிச் செல்ல லென்ஸுக்கு வழி கிடையாது. ஆனால் மேல் இமைக்குள் இருக்கும் பை கீழ் இமைப் பையைவிட ஆழமானது. அதனால் காணாமல் போகும் லென்ஸ் பெரும்பாலும் மேல் இமைக்கடியில்தான் ஒளிந்திருக்கும், அதுவும் பல சமயங்களில் அப்பளம்போல் இரண்டாக மடிந்த நிலையில்.

அங்கே எவ்வளவு காலம் கிடக்கலாம் என்பதற்கு மருத்துவ இதழ்களில் வியப்பான பதிவுகள் உண்டு. இங்கிலாந்தில் கண்புரை அறுவைக்கு வந்த 67 வயதுப் பெண்மணி ஒருவரின் ஒரே கண்ணிலிருந்து 27 லென்ஸ்கள் எடுக்கப்பட்டதை 2017இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்டது. அவற்றில் 17 ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தன. 2018இல் பதிவான இன்னொரு நிகழ்வில், 42 வயதுப் பெண்ணின் மேல் இமையில் இருந்த கட்டியை அறுத்தபோது, 14 வயதில் பேட்மின்டன் ஆடும்போது இறகுப்பந்து பட்டுத் தொலைந்ததாக நினைத்த கடின லென்ஸ், 28 ஆண்டுகள் கழித்து உள்ளேயிருந்து கிடைத்தது. இரண்டிலும் லென்ஸ் மூளைக்குப் போகவில்லை. அதற்காக அதை அங்கேயே விட்டுவைக்கலாம் என்றும் இதற்குப் பொருளில்லை; ஒரு மணி நேரம் நிதானமாகத் தேடக் கண்ணுக்கு எந்தக் கேடும் வராது என்று மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

மலையில் இந்தத் தொல்லை ஏன் அதிகம்?

சாஃப்ட் லென்ஸ் என்பது நீரை உறிஞ்சி வைத்திருக்கும் ஒரு மெல்லிய தகடு. அதன் அகலம் சுமார் 14 மில்லிமீட்டர். கருவிழி அதைவிடச் சற்றுச் சிறியது, 11 முதல் 12 மில்லிமீட்டர். ஈரம் இருக்கும்வரை லென்ஸ் கண்ணீரின் மேல் மிதந்து, ஒவ்வொரு இமைப்புக்கும் சிறிது அசைந்து தன் இடத்துக்குத் திரும்பிவிடுகிறது. ஈரம் குறைந்தால் ஓரம் தூக்கிக்கொள்கிறது, அல்லது விழியோடு ஒட்டிக்கொள்கிறது. அந்த நிலையில் கண்ணைக் கசக்கினால் லென்ஸ் வழுக்கி ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும்.

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காற்று வறண்டு குளிர்ந்திருக்கும். வெளியே பனி, வீட்டுக்குள் அறைச் சூடேற்றியோ விறகடுப்போ, இல்லையென்றால் கரியடுப்பு. இவையெல்லாம் கண்ணீரைச் சீக்கிரம் உலர்த்திவிடும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கருவிழிக்கு இரத்த நாளங்கள் கிடையாது, காற்றிலிருந்துதான் தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பங்கைப் பெறுகிறது. இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு அளவே இருப்பதால், லென்ஸோடு தூங்கிவிடுபவரின் கண் சமவெளியில் இருப்பதைவிட அதிகமாகத் திணறும். கோயம்புத்தூரில் லென்ஸோடு மதியம் ஒரு குட்டித் தூக்கம் போட்டுப் பழகியவர்கள், இங்கே சுற்றுலா வந்து இரவு முழுவதும் அப்படியே தூங்கிவிட்டு, காலையில் கண்ணைத் திறக்கமுடியாமல் விடுதியிலிருந்து எங்கள் கடைக்கு வழி கேட்டு வருவதுண்டு.

லென்ஸ் உள்ளே இருக்கிறதா?

எதையும் தொடுவதற்கு முன் மற்றக் கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு தூரத்தில் இருக்கும் ஒன்றைப் பாருங்கள். எதிர்க்கடையின் பெயர்ப்பலகையோ, எதிர்ச்சரிவில் நிற்கும் சில்வர் ஓக் மரத்தின் கிளையோ போதும். வழக்கம்போல் தெளிவாகத் தெரிந்தால் லென்ஸ் தன் இடத்தில்தான் இருக்கிறது. உறுத்துவது தூசியாகவோ, லென்ஸின் கிழிந்த ஓரமாகவோ இருக்கலாம். மங்கலாகத் தெரிந்தால் லென்ஸ் ஒதுங்கியிருக்கிறது, அல்லது விழுந்துவிட்டது. குறைந்த பவர் உள்ளவர்களுக்கு இந்தச் சோதனை அவ்வளவு உறுதியாக இராது. ஒரே கண்ணில் தவறுதலாக இரண்டு லென்ஸைப் போட்டுக்கொண்டவர்களுக்கும் மங்கலாகத்தான் தெரியும். தூக்கக் கலக்கத்தில் யாருக்கும் நேரக்கூடியதுதான் இது, வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிறகு கன்னம், இமை முடி, ஸ்வெட்டர், மஃப்ளர், சால்வை, தலையணை உறை, வாஷ்பேசினின் விளிம்பு எல்லாவற்றையும் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். “உறுத்துகிறதே, உள்ளேதானே இருக்கவேண்டும்?” என்று கேட்பார்கள். கருவிழியில் ஒரு சிறு கீறல் இருந்தாலும் லென்ஸ் இருப்பதுபோன்ற அதே உறுத்தல் இருக்கும், ஒருநாள் இரண்டு நாள் நீடிக்கவும் செய்யும். உறுத்தலை மட்டும் சாட்சியாக வைத்துக்கொண்டு கண்ணைத் துழாவக்கூடாது.

கையும் மருந்தும்

நகம் நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள். அல்லது நகம் வெட்டிய இன்னொருவரை உதவிக்கு அழையுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் மலையில் இருப்பவர்கள் அதற்குமேல் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: மூக்கடைப்புக்கும் தலைவலிக்கும் நாம் எடுத்துத் தேய்க்கும் நீலகிரித் தைலம். அது ஒரு கழுவலில் விரலைவிட்டுப் போகாது. கழுவிய விரலை முகர்ந்துபாருங்கள். வாசம் இருந்தால் இன்னும் ஒருமுறை, இன்னும் ஒருமுறை என்று கழுவுங்கள். தலைவலித் தைலங்களுக்கும், கொடைக்கானல் பக்கம் மலைப்பூண்டு உரித்த கைக்கும், பச்சைமிளகாய் நறுக்கிய கைக்கும் இதே விதிதான்.

கையைத் துடைக்கத் துவைத்த பருத்தித் துணியைப் பயன்படுத்துங்கள். சால்வையிலோ ஸ்வெட்டரிலோ துடைத்தால் கம்பளி இழை விரலோடு வந்து கண்ணுக்குள் போய்விடும். குளிரில் விறைத்த விரலால் கண்ணைத் தொடவேண்டாம். விறைத்த விரலுக்கு உணர்ச்சி குறைவு, எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தெரியாது. கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, விரல்நுனியில் சொரணை வந்தபின் தொடங்குங்கள்.

கண்ணில் விடுவதற்கு ஏற்றது மருந்துக்கடையில் கிடைக்கும் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு. கார்பாக்ஸிமெத்தில்செல்லுலோஸ் 0.5 சதவீதம் என்று எழுதியிருக்கும் சொட்டு மருந்து எல்லா ஊர்களிலும் கிடைக்கிறது. உடைத்து ஒரேமுறை பயன்படுத்தும் சிறு குப்பிகள் இன்னும் நல்லவை. பிரிக்கப்படாத, கிருமி நீக்கிய 0.9 சதவீத சலைனும் சரியானதே. இரவெல்லாம் குளிர்ந்த அறையில் இருந்த மருந்தை அப்படியே விட்டால் கண் வெடுக்கென்று மூடிக்கொள்ளும். குப்பியை ஐந்து நிமிடம் உள்ளங்கைக்குள் பொத்தி வைத்திருந்து பிறகு விடுங்கள். அடுப்பில் காட்டிச் சூடாக்கவேண்டாம்.

லென்ஸ் சொல்யூஷன் வாங்கும்போதே அது எந்த வகை என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த வகையை நேரடியாகக் கண்ணில் விட்டால் பொறுக்கமுடியாத எரிச்சலும் கருவிழிக்குக் காயமும் ஏற்படும். அந்தப் பாட்டில்களின் மூக்கு எச்சரிக்கைக்காகவே பெரும்பாலும் சிவப்பு நிறத்தில் இருக்கும்.

தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் ஊர்த் தண்ணீரின் மேல் நமக்குத் தனிப் பெருமை உண்டு. சுனைத் தண்ணீர், ஓடைத் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர் எதுவுமே லென்ஸ் இருக்கும் கண்ணுக்கு ஆகாது. நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டில் தடைக்குப்பின் நாம் பிடித்துக் குடிக்கும் வாட்டர் ஏடிஎம் தண்ணீரும் குடிப்பதற்குத்தான் சுத்தம், கண்ணுக்குச் சுத்தமல்ல. அகாந்தமீபா என்னும் நுண்ணுயிர் மண்ணிலும் தண்ணீரிலும் சாதாரணமாக வாழ்வது. அது லென்ஸில் ஒட்டிக்கொண்டு கருவிழிக்குள் புகுந்தால் மாதக்கணக்கில் சிகிச்சை எடுக்கவேண்டிய, சில சமயம் பார்வையையே பறிக்கும் புண் உண்டாகும். தண்ணீர் பட்டால் சாஃப்ட் லென்ஸ் விழியோடு இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்வதும் உண்டு. இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு: தேயிலைக்கோ காய்கறிக்கோ அடிக்கும் பூச்சிமருந்து, அமிலம், சுண்ணாம்பு, தைலம் போன்றவை கண்ணில் தெறித்துவிட்டால், லென்ஸைப் பற்றிய யோசனையை விட்டுவிட்டு, கையில் கிடைக்கும் சுத்தமான தண்ணீரால் அந்த நொடியே கழுவத் தொடங்கி, கால்மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவவேண்டும், லென்ஸ் அந்த ஓட்டத்திலேயே வந்துவிட்டால் நல்லது, வராவிட்டால் கழுவும்போதே எடுத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

நனைத்தல், தேடுதல், நகர்த்துதல்

நாற்காலியில் உட்கார்ந்து, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூன்று நான்கு சொட்டு விடுங்கள். கண்ணை மென்மையாக மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் அப்படியே இருங்கள், இறுக்கி மூடவேண்டாம். மீண்டும் சொட்டு, மீண்டும் ஐந்து நிமிடம். அதன்பின் பத்துப் பதினைந்து முறை நிதானமாக இமையுங்கள். நான் பார்த்த அளவில் பாதிப் பேருக்கு இந்த இடத்திலேயே லென்ஸ் தானாகக் கருவிழிக்குத் திரும்பிவிடும், அல்லது கண் ஓரத்தில் கண்ணீரோடு வந்து நிற்கும். இந்தப் பதினைந்து நிமிடத்தைப் பொறுக்கமுடியாமல்தான் மீதிப் பேர் விரலை விடுகிறார்கள்.

வரவில்லையென்றால் இப்போது தேடலாம். முகம் பார்க்கும் கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்து, உதவிக்கு ஒருவரை டார்ச் பிடிக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் நேராக விழியில் விழக்கூடாது. காதுப் பக்கத்திலிருந்து சாய்வாக வரவேண்டும். அப்போதுதான் லென்ஸின் ஓரம் வெண்விழியின் மேல் ஒரு மெல்லிய வளைகோடாக நிழல் காட்டும். பல லென்ஸ்களில் கையாள வசதியாக இளநீலச் சாயல் இருக்கும். வெண்விழியின் மேல் அது நன்றாகத் தெரியும்.

எந்தப் பக்கத்தைத் தேடுகிறீர்களோ அதற்கு எதிர்ப்பக்கம் விழியைத் திருப்புவதுதான் தேடுவதன் சூட்சுமம். கீழ்ப்பகுதியைப் பார்க்கவேண்டுமானால், கீழ் இமையைக் கன்னத்தை நோக்கி இழுத்துக்கொண்டு மேலே கூரையைப் பாருங்கள். வலக்கண்ணின் வெளிமூலையைப் பார்க்க இடப்பக்கம் பாருங்கள். மூக்கோரத்தைப் பார்க்க வலப்பக்கம் பாருங்கள். மேற்பகுதிக்கு, முகவாயைச் சற்று உயர்த்தி, விழியை மட்டும் மூக்குநுனியை நோக்கித் தாழ்த்திக்கொண்டு, மேல் இமையைப் புருவ எலும்போடு சேர்த்துத் தூக்கிப் பிடியுங்கள். இமையைப் பிடிக்கும் விரல் இமை முடியின் ஓரத்திலேயே இருக்கட்டும். விழியின் மேல் படவேண்டாம்.

லென்ஸ் வெண்விழியில் இருப்பது தெரிந்துவிட்டால் அதைக் கருவிழிக்குக் கொண்டுவரவேண்டிய அவசியமில்லை. சாஃப்ட் லென்ஸை வெண்விழியிலிருந்தே எடுக்கலாம், அதுவே நல்லது. இன்னும் ஒரு சொட்டு விட்டு, சுட்டுவிரலின் சதைப்பகுதியால் லென்ஸைத் தொட்டு அது வழுக்கி அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தால் கண்ணின் கீழ்வெளி ஓரத்துக்கு வழித்துக் கொண்டுவந்து, கட்டைவிரல், சுட்டுவிரல் இரண்டின் சதையாலும் மெதுவாகக் கிள்ளி எடுத்துவிடலாம். நகம் குறுக்கே வரக்கூடாது. அசையவில்லையென்றால் அது ஒட்டியிருக்கிறது. பிய்க்கவேண்டாம், மறுபடியும் நனைத்தலுக்கே திரும்புங்கள். உலர்ந்து ஒட்டிய லென்ஸைப் பிய்த்தால் கருவிழியின் மேல்தோலும் சேர்ந்து வந்துவிடக்கூடும்.

மேல் இமைக்குள் மறைந்திருக்கும் லென்ஸுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்யவேண்டும். மூடிய இமைக்குள்ளேயே விழியைக் கீழ்நோக்கித் தாழ்த்துங்கள். புருவத்துக்குக் கீழே தொடங்கி இமை முடி வரை, தூங்கும் குழந்தையின் கன்னத்தைத் தடவும் அழுத்தத்தில், விரல்நுனியால் மேலிருந்து கீழாக வருடுங்கள். ஏழெட்டு முறை போதும். வட்டமாகத் தேய்க்கவேண்டாம், தேய்த்தால் மடிந்த லென்ஸ் இன்னும் உருண்டு மேலே போகும். இன்னொரு வழியும் உண்டு: மேல் இமையை அதன் முடியைப் பிடித்து முன்னால் இழுத்து, கீழ் இமையின் மேல் போர்த்தி, மெதுவாக விடுங்கள். மேல் இமையின் உட்புறத்தைக் கீழ் இமை முடி துடைப்பம்போல் வழித்துவிடும். அதன்பின் கண்ணைத் திறந்தால் லென்ஸோ, அதன் மடிந்த ஒரு மூலையோ கருவிழிக்கு மேலே எட்டிப் பார்ப்பதைப் பார்க்கலாம்.

இதற்கும் வராவிட்டால் இமையைத் திருப்பிப் பார்ப்பது ஒன்றுதான் மிச்சம். இதைத் தனக்குத்தானே செய்துகொள்வதைவிட, கை நடுங்காத ஒருவர் செய்வது நல்லது. உட்கார்ந்திருப்பவர் தலையைச் சுவரிலோ நாற்காலி முதுகிலோ சாய்த்துக்கொண்டு, முடியும்வரை கீழேயே பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். நடுவில் மேலே பார்த்தால் இமை தானாகப் பழைய நிலைக்குப் போய்விடும். உதவி செய்பவர் ஒரு கையால் இமை முடியை மென்மையாகப் பிடித்துக் கீழும் முன்னுமாக இழுத்து, மற்றக் கையால் ஒரு சுத்தமான பட்ஸை (நுனியில் பஞ்சு சுற்றிய குச்சி) இமையின் மேல், ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் கிடைமட்டமாக வைத்து, அதை லேசாகக் கீழே அழுத்திக்கொண்டே முடியை மேலே தூக்கினால் இமை புரளும். உட்புறம் இளஞ்சிவப்பாகத் தெரியும். முடியைப் புருவத்தோடு சேர்த்துக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு, சலைனை மேலிருந்து வழியவிட்டால் லென்ஸ் நழுவி வரும். நழுவியதை ஈரமான பட்ஸ் நுனியால் இமைப்பக்கமாகவே தொட்டு எடுக்கலாம். உலர்ந்த பட்ஸ் வேண்டாம், அதன் நூல் கண்ணில் தங்கும். முடிந்ததும் மேலே பார்த்து இமைத்தால் இமை பழைய நிலைக்கு வந்துவிடும். கண்ணில் அடிபட்ட பிறகு லென்ஸ் நகர்ந்திருந்தால், அது பந்தோ, மரக்கிளையோ, பஸ் கம்பியோ எதுவானாலும் சரி, இமையைத் திருப்புவதும் அழுத்துவதும் கூடாது. நேராக மருத்துவரிடம் போகவேண்டும்.

வந்த லென்ஸை ஒரு சுத்தமான கிண்ணத்தில் சலைனில் போட்டு விரித்துப் பாருங்கள். வட்டம் முழுமையாக இருக்கவேண்டும். ஓரத்தில் பிறைபோல் ஒரு துண்டு குறைந்திருந்தால் அந்தத் துண்டு இன்னும் கண்ணுக்குள் இருக்கலாம்; நனைத்தலை மீண்டும் ஒருமுறை செய்யுங்கள்.

கடின லென்ஸ் அணிபவர்களுக்கு

கருவிழி கூம்பிவரும் கோளாறுக்காகப் பலர் கடின லென்ஸ் அணிகிறார்கள். இது 9 அல்லது 10 மில்லிமீட்டர் அகலமே உள்ளது, வளையாதது, ஓரம் உறுதியானது. ஆகவே சாஃப்ட் லென்ஸுக்குச் சொன்ன வருடலை இதற்குச் செய்யக்கூடாது. இமைக்கு மேலிருந்து தேய்த்தால் ஓரம் விழியைக் கீறும். லென்ஸ் எங்கே இருக்கிறதென்று கண்டபின், அதற்கு எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு, லென்ஸின் வெளி ஓரத்தில் இமையின் விளிம்பை அணைகட்டினாற்போல் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு விழியை மெதுவாக லென்ஸ் இருக்கும் திசைக்குத் திருப்பினால், கருவிழி தானே லென்ஸுக்கு அடியில் வந்து நுழைந்துகொள்ளும். லென்ஸை நகர்த்துவதில்லை, விழியை நகர்த்துகிறோம். வெண்விழியிலேயே பிடித்துக்கொண்டு நின்றால், லென்ஸின் ஓரத்துக்கு வெளியே வெண்விழியை மிக லேசாக அழுத்தினால் அடியில் காற்றும் கண்ணீரும் புகுந்து விடுபடும். லென்ஸோடு கொடுக்கப்படும் சிறு ரப்பர் உறிஞ்சியை நனைத்து லென்ஸின் மேல் வைத்தும் எடுக்கலாம். ஆனால் லென்ஸ் அதற்கு நேர் அடியில் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே வைக்கவேண்டும். லென்ஸ் இல்லாத கருவிழியில் உறிஞ்சியை வைத்து இழுத்தவர் ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அவர் வாரக்கணக்கில் கண்ணைக் காட்டிக்கொண்டு அலைந்தார்.

அறுவைக்குப் பிறகு மருத்துவர் கட்டுப்போல் போட்டுவிட்ட லென்ஸ் நகர்ந்தால், எந்த முறையையும் வீட்டில் முயலவேண்டாம். போட்டவரிடமே போங்கள்.

எப்போது நிறுத்துவது, எங்கே போவது?

நனைத்துத் தேடி நகர்த்தும் சுற்றை மூன்று முறை செய்து, ஒரு மணி நேரம் ஆகியும் வரவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். நான்காவது சுற்றில் கிடைப்பது அபூர்வம். கீறல் விழுவது அதிகம். பகலானால் அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள். வலியோ சிவப்போ இல்லாமல் லேசான உறுத்தல் மட்டும் இருந்தால், இரவில் மலைப்பாதை இறங்கி ஓடவேண்டாம், காலையில் போகலாம். மருத்துவர் ஃப்ளோரசீன் என்ற ஆரஞ்சுச் சாயத்தை ஒரு துளி விட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பார். ஒளிந்திருக்கும் சாஃப்ட் லென்ஸ் பச்சையாக ஒளிரும், கீறலும் தெரிந்துவிடும். சாயம் ஊறிய லென்ஸ் அதன்பின் பயன்படாது. அதற்காக மருத்துவரிடம் போகத் தயங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு ஜோடி லென்ஸின் விலைக்குக் கண்ணை அடகு வைக்கமுடியாது.

சில அறிகுறிகளுக்கு நேரம் காலம் பார்க்கக்கூடாது. லென்ஸ் வந்த பிறகும் வலி கூடிக்கொண்டே போவது, வெளிச்சத்தைப் பார்க்கவே கூசுவது, பார்வை மங்குவது, சீழ் வருவது, கருவிழியில் வெள்ளையாகப் புள்ளி தெரிவது ஆகியவை தொற்றின் அடையாளங்கள். லென்ஸ் அணிபவர்களின் கருவிழியைத் தாக்கும் சூடோமோனாஸ் பாக்டீரியா ஓரிரு நாளிலேயே கண்ணைக் கெடுத்துவிடும் வேகமுடையது. அப்படியானால் ஊட்டியிலிருந்து கோயம்புத்தூருக்கோ, கொடைக்கானலிலிருந்து மதுரைக்கோ, எங்கே கண் மருத்துவர் உடனே கிடைப்பாரோ அங்கே அன்றே போகவேண்டும். எடுத்த லென்ஸையும் அதன் டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள், கிருமியைக் கண்டுபிடிக்க அவை உதவும். போகும்வரை கண்ணைக் கட்டி மூடக்கூடாது. லென்ஸ் கீறிய கண்ணைக் கட்டினால் கிருமிக்குக் கதகதப்பான கூடு கட்டிக் கொடுத்ததாகும். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய சொட்டு மருந்து, மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு, மரத்துப்போகச் செய்யும் சொட்டு எதுவும் வேண்டாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நாக்கால் எடுத்துவிடுபவர் ஆகிய மூன்றும் அன்பினால் வருபவைதான். ஆனாலும் லென்ஸ் போட்ட கண்ணுக்கு அவற்றால் கிருமிதான் சேரும். அந்த அம்மா செய்த முந்தானை ஒத்தடம்கூட, விரலால் துழாவாமல் துணியோடு நின்றிருந்தால், மூடிய கண்ணுக்கு ஆறுதலாகத்தான் இருந்திருக்கும்.

லென்ஸ் நல்லபடியாக வந்துவிட்டாலும் அன்றைக்கு அதைத் திரும்பப் போடவேண்டாம். சிவப்பும் உறுத்தலும் முழுதாக நீங்கி ஒருநாள் ஆகும்வரை மூக்குக்கண்ணாடி போதும். தினசரி மாற்றும் லென்ஸானால் குப்பையில் போட்டுவிடுங்கள். மாத லென்ஸானால் ஓரம் கிழியாமல் இருந்தால் மட்டும் சொல்யூஷனில் தேய்த்துக் கழுவி, குறித்த நேரம் ஊறவைத்த பிறகு பயன்படுத்தலாம்.

வழியில் இருக்கும்போது

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் 14 கொண்டை ஊசி வளைவுகளில் எதிலோ ஒன்றில், ஜன்னல் காற்று அடித்து என் இடக்கண் லென்ஸே ஒருமுறை ஒதுங்கியது. பஸ் குலுங்கும்போது விரலைக் கண்ணருகே கொண்டுபோவது எவ்வளவு ஆபத்து என்று தெரிந்திருந்தும் கை தன்னால் மேலே போனது. பக்கத்தில் இருந்த பாட்டி, “கசக்காதே சாமி, கண்ணை மூடிக்கிட்டு உக்காரு” என்று கையைப் பிடித்து இறக்கினார். பாடப்புத்தகமும் அதையேதான் சொல்லும். ஓடும் வண்டியில் செய்யக்கூடியது ஜன்னலைச் சாத்தி, இரண்டு சொட்டு விட்டு, கண்ணை மூடிக்கொண்டு வண்டி நிற்கும்வரை காத்திருப்பது மட்டுமே. பர்லியாறில் வண்டி நின்றபோது நான் கண்ணைத் திறந்தேன். லென்ஸ் தானாகவே இடத்துக்கு வந்திருந்தது.

வண்டி ஓட்டுபவருக்கு இது நேர்ந்தால் ஓரங்கட்டித்தான் ஆகவேண்டும். ஒரு கண்ணில் மட்டும் லென்ஸ் இருக்கும்போது தூரத்தைக் கணிப்பது தவறும். மூடுபனியில், எதிரே வரும் லாரியின் விளக்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று சொல்லவே முடியாது. மற்றக் கண்ணின் லென்ஸையும் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓட்டுங்கள். அதனால் மலை ஏறுகிறவர் பையில் நடப்புப் பவரில் ஒரு மூக்குக்கண்ணாடி, சொல்யூஷன் ஊற்றிய லென்ஸ் டப்பா, பிரிக்காத சொட்டு மருந்துக் குப்பிகள் நான்கு, ஒரு சிறு டார்ச், துவைத்து மடித்த ஒரு பருத்திக் கைக்குட்டை ஆகியவை இருக்கட்டும். சொட்டு மருந்துக் குப்பிகளை மட்டும் பையில் வைக்காமல், உடம்புச் சூடு படும்படி ஸ்வெட்டருக்குள் இருக்கும் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.